இடது முன் சக்கரம்

சேரன்மகாதேவி கேட் சாத்தியிருந்தது.
செங்கோட்டை வண்டி இன்னும் வரவில்லை.
நின்ற காருக்குள் கருகல் வாடை.
யாரோ வயலில் தாள் எரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.
பிறகு பார்த்தால்
இடது முன் சக்கரத்திலிருந்து
ஊதுபத்தி அளவுக்கு ஒரு புகை.

வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள்
கூடைக்குத் தெளிக்கிற தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள்.
"ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிரும்!"
"தீப்பிடிச்சா மட்டும் நல்லாருக்குமா?"
செம்பு அந்தரத்தில் நிற்க
ரயில் போனது.

அறுபத்தாறாம் வருடத்து எம்.ஜி. மிட்ஜெட்.
இரண்டு பேர் உட்காரலாம்,
மூன்றாவதாக ஒரு தூக்குவாளி.
பாளையங்கோட்டையில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறவளுக்கு
இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு
இதுவரை பதில் சொன்னதில்லை.

மேலப்பாளையத்தில், அசன் மீரான் ஷெட்டில்
ஜாக்கி போட்டு ஏற்றினோம்.
கையால் சுற்றினால்
அரைச் சுற்றுகூடப் போகவில்லை.
பெடலை விட்டாயிற்று, பிரேக் விடவில்லை.
"காலிப்பர் பிஸ்டன் துருப்பிடிச்சிருக்கும்."
கழற்றினார். கண்ணாடி மாதிரி இருந்தது பிஸ்டன்.
"அப்ப மாஸ்டர் சிலிண்டர்."
கோயம்புத்தூரிலிருந்து கிட் வர ஒன்பது நாள்.
ரப்பர் மாற்றி, ஆயில் ஊற்றி, ஏர் எடுக்க
பெடலில் என் கணவர் ஞானசிகாமணி.
அமுக்குங்க. அமுக்கினார்.
பிடிங்க. பிடித்தார்.
அந்த நேரம் பார்த்து அவருக்கு போன்.
மிதித்த கால் மிதித்தபடி
ஏதோ பத்திரம், ஏதோ பட்டா என்று ஆறு நிமிடம்.
கீழே மீரான் ஸ்பேனரோடு
வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார்.

கேட் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன்.
அதே வாடை.
வெள்ளரிக்காரி இந்தத் தடவை செம்பைத் தொடவேயில்லை.
"கோணட்டும்," என்றாள்.

மறுநாள் காலை,
சாப்பிடாமல் வந்தவர்களின் வரிசையில்
ஒரு கை நீண்டது.
நரம்பு பச்சையாக, பருத்து, வா என்று கூப்பிட்டது.
குத்தினால் ஒரு சொட்டு இல்லை.
இன்னொரு கையைக் கேட்டு வாங்கி, பஞ்சை அழுத்தி,
ஊசி போட்ட கையைக் கழுவாமலே
மீரானுக்கு போன் போட்டேன்.

"ஹோஸா? அது புதுசு மாதிரி மினுங்குதே, டாக்டரம்மா."
நான் டாக்டர் இல்லை என்று நூறாவது தடவை சொல்லிவிட்டு
சொன்னேன்:
பெடலை மிதித்து விடுங்கள்.
சக்கரம் இறுகியிருக்கும்போதே,
ஹோஸுக்கு மேலே, இரும்புக் குழாய் சேருமிடத்தை
லேசாகத் தளர்த்துங்கள். விடுகிறதா?
"இல்ல."
இப்போது கீழே, காலிப்பர் நிப்பிளை.
சீத் என்ற சத்தம்
போனிலேயே கேட்டது.
"அட சவமே," என்றார். "சுத்துது."

சாயங்காலம் ஹோஸை நெடுக்கக் கீறிக் காட்டினார்.
வெளியே மினுமினுப்பு.
உள்ளே ரப்பர் உப்பி
பொக்கை வாய் மாதிரி ஒட்டிக் கிடந்தது.
மிதிக்கிற வேகத்தில் ஆயில் அதைப் பிளந்து போய்விடும்.
திரும்பி வர
அதற்கு யாரும் மிதிப்பதில்லை.

அம்பாசடர் ஹோஸ் மரை சேர்ந்தது.
ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடிக்கச் சொல்லி
எங்கும் உரசவில்லையென்று
நானே படுத்துப் பார்த்தேன்.
ஞானசிகாமணி போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

கேட் சாத்தியிருந்தது.
இறங்கி இடது சக்கரத்தைத் தொட்டேன்.
குடிக்க மறந்த காப்பி டம்ளரின் சூடு, அவ்வளவுதான்.
இருபது ரூபாய்க்குப் பிஞ்சு வாங்கினேன்.
"சரியாயிட்டா?"
"ஆயிட்டு."

பத்தமடையில் ஒரு ஆட்டுக்கு பிரேக் போட்டு விட்டபோது
வண்டி லேசாக வலப்பக்கம் ஒதுங்கியதை
அவளிடம் சொல்லவில்லை.
அங்கேயும் அதே வருடத்து ஹோஸ்.

செம்பு
விளிம்பு வரை நிறைந்திருந்தது.